நடுவில் ஓடியவர்

கால்பந்து என்றால் கோல் போட்டவர் பெயர்தான் நமக்குத் தெரியும். நடுவில் 'மிட்ஃபீல்டர்' என்று ஒருவர் ஆடுகிறாரே, அவர் பாடு என்ன என்பதை என் மகன்தான் விளக்கினான். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் கொடுக்கணும். பறிபோனால் ஓடிவந்து மீட்கணும். 90 நிமிஷத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டம்! "அட, நம்ம அடுப்படி வேலைதான்!" என்று சிரித்துவிட்டேன். சாப்பிட்டவர்கள் ருசியைச் சொல்வார்கள்; நடந்த நடையை யார் எண்ணுகிறார்கள்?

அப்படி ஓடியே பேர் வாங்கினவர் டோனி ஃபோர்டு. 1959-ல் இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் பிறந்தவர். 1975-ல், 16 வயதில், சொந்த ஊர் அணியிலேயே ஆட வந்தார். அப்போது அங்கே லீக்கில் நாலு டிவிஷன், 92 அணிகள். கிரிம்ஸ்பி இருந்தது மூன்றாவதில். பிறகு நாலாவதுக்கு இறங்கி, மறுபடி ஏறி, 1980-ல் மூன்றாவது டிவிஷனில் முதலிடம் பெற்றது. இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் ஃபோர்டு கூடவே இருந்தார்.

அப்புறம் ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் என்று அணிகள் மாறின. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான உச்சப் பிரிவில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1989-ல் இங்கிலாந்தின் 'பி' அணிக்கு ஆடினார். முதல் அணிக்கு அழைப்பு வரவே இல்லை.

1996-ல், 37 வயதில், நாலு டிவிஷனுக்கும் வெளியே இருந்த பாரோ அணிக்குப் போனார். யாராயிருந்தாலும் 'இனி அவ்வளவுதான்' என்றுதான் நினைப்பார்கள். அதே வருஷம் மேன்ஸ்ஃபீல்டு அணி கூப்பிட்டது, லீக்குக்குத் திரும்பிவிட்டார்! இளவயசில் வலது ஓரமாக முன்னேறி ஓடியவர், வயசு ஏற ஏறப் பின்னால் இறங்கித் தடுத்து ஆடவும் பழகிக்கொண்டார். 2001-ல், 42 வயதில் ராச்டேல் அணியில் ஆட்டத்தை முடித்தபோது லீக் கணக்கு 931 ஆட்டங்கள். கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் இங்கிலாந்து லீக்கில் அத்தனை ஆடியவர் வேறொருவர் இல்லை. எம்.பி.இ. பட்டமும் கிடைத்தது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் ஒரு பையனுக்கு இந்த வருஷம் மாவட்ட அணியில் இடம் கிடைக்கவில்லை. அவன் அம்மா அன்றைக்கே பூட்ஸைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "முதல்ல வரலேன்னா எதுக்குக்கா விளையாட்டு?" என்கிறாள். படிப்பைப் பற்றி அவளுக்குள்ள கவலை நியாயம்தான். ஆனால் பாட்டு, படிப்பு, விளையாட்டு எல்லாவற்றிலும் 'முதலிடம் அல்லது ஒன்றுமில்லை' என்று நாம் சொல்லிச் சொல்லியே, பிள்ளைகள் தோற்றால் எழுந்திருக்கத் தெரியாமல் போகிறார்கள். பிடித்த வேலையை 26 வருஷம் உடம்பு கெடாமல் செய்தாரே ஒருவர், அது வெற்றி இல்லையா?

ஓடி விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் சில விஷயங்களை நாம்தான் பார்த்துக்கணும். ஆட்டத்துக்கு இரண்டு மணி முன்னால் இட்லி போல லேசான ஆகாரம் போதும். ஆடி வந்ததும் மோர், வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல் கொடுங்கள். தூக்கத்தைக் குறைக்க விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால், 'வளர்ற வயசு' என்று தைலம் தேய்த்து மறுநாளே அனுப்பாமல் சில நாள் ஓய்வு கொடுங்கள். வீக்கம் இருந்தாலோ, வலி விடவில்லையென்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆடிவிட்டு வந்ததும், "ஜெயிச்சியா?" என்று கேட்குமுன், "நல்லா ஆடினியா?" என்று கேட்டுப் பாருங்களேன். மீதியை அவனே கதை கதையாய்ச் சொல்வான்.