தானாகத் தொடங்காத தமிழ்

கணினியின் ஆளியை அழுத்தியதும் எவையெவை தாமாகவே இயங்கத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் நாமல்லர். வைரஸ் தடுப்பு மென்பொருள் தொடங்குகிறது. கோப்புகளைத் தொலைவில் சேமித்து வைக்கும் சேவை தொடங்குகிறது. அச்சியந்திரத்தின் நிரல் திரையின் மூலையில் ஒரு சிறு படமாக வந்து அமர்ந்துகொள்கிறது. 2000களில் இலவச மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கினால், கேளாமலேயே ஒரு கருவிப்பட்டையும் கூட வந்து, மறுநாட் காலையில் நமக்கு முன்னதாக விழித்திருக்கும். தமிழ் விசைப்பலகை மாத்திரம் அழைத்தால்தான் வரும். பல இடங்களில் அழைத்தாலும் வராது.

இதை வெறும் தொழில்நுட்பச் சில்லறை விடயமாக ஒதுக்கிவிட முடியாது என்பதே எனது கருத்து. தானாகத் தொடங்குவது எதுவோ, அதுவே அந்த மேசையின் மொழியாகிறது.

பத்திரிகை அலுவலகங்களில் எங்கள் தலைமுறையினர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். அதில் ஒரு வசதி இருந்தது. பின்னணியில் எந்த நிரலும் இயங்க வேண்டியதில்லை. எழுத்துருவைத் தெரிவு செய்தால் போதும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் தோன்றும். ஆனால் அதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று ஒன்று எழுதப்படவே இல்லை.

யுனிகோட் இந்தக் குறையைத் தீர்த்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் யுனிகோட்டில் எழுத எழுத்துரு மட்டும் போதாது. விசை அழுத்தங்களைத் தமிழ் எழுத்துகளாக மாற்றித்தரும் ஒரு நிரலோ, இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்போ விழித்திருக்க வேண்டும். அழகி, எ-கலப்பை, என்எச்எம் எழுதி போன்ற கருவிகள் செய்த தொண்டு இதுதான். அவை தொடங்கப்படாத கணினியில் தமிழும் தொடங்குவதில்லை. நமது அலுவலகங்கள் பலவற்றில் பாமினி இவ்வளவு காலம் நீடித்ததற்குப் பழக்கத்தோடு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது, தமிழை இயக்க மொழி அமைப்புகளுக்குள் சென்று சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு இயங்குதளத்தின் குறுவட்டும் தேவைப்பட்டது. நிறுவிய பின்னர் மொழிப்பட்டை என்ற சிறு கருவிப்பட்டை திரையில் தோன்றும். அதைத் தோன்றச் செய்யும் நிரல், தொடக்கத்தில் இயங்குவனவற்றின் பட்டியலில் இருந்தது. கணினியை வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லி அந்தப் பட்டியலைத் துப்புரவு செய்தவர்கள் பலர் அதையும் சேர்த்தே நீக்கினார்கள். மறுநாள் மொழிப்பட்டை காணாமற் போயிருக்கும்.

இன்று நிலைமை எவ்வளவோ எளிது. விண்டோஸ் 10 இயங்குதளத்தில் 2019இல் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் உள்ளிணைக்கப்பட்டன. ஒருமுறை சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். தனிக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கும் வழி உண்டு. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்டப் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் ஒரு கோப்புறை திறக்கும். கருவியின் குறுக்குவழியை அதில் இட்டுவிட்டால், அடுத்த முறை அது தானாகவே தொடங்கும்.

ஆனால் இவ்வழிகள் தனக்கென ஒரு கணினி உள்ளவருக்கே முழுமையாகப் பயன்படும். இந்த அமைப்புகள் பயனர் கணக்குக்கு உரியவை. ஒருவர் தமக்குச் செய்துகொண்டது அதே கணினியில் இன்னொருவருக்கு வராது. மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே, அலுவிகாரையைத் தாண்டிச் சென்றால் வரும் பலாபத்வல போன்ற சிறு நகரங்களை எண்ணிப் பாருங்கள். இத்தகைய ஊர்களில் தோட்டத்துப் பிள்ளையின் வேலை விண்ணப்பமும், பிறப்புச் சான்றிதழுக்கான கடிதமும் தட்டச்சாவது கடையிலோ அலுவலகத்திலோ உள்ள பொதுக் கணினியில்தான். அங்கே தமிழ் விசைப்பலகை இல்லையென்றால், கேட்பவர் கூச்சப்படுகிறார். தட்டச்சு செய்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தருகிறார். யாரும் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மொழி அங்கிருந்து வெளியேறிவிடுகிறது.

சட்டம் சொல்வது வேறு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நிருவாக மொழிகளாக்கியது. மத்திய மாகாணத்தில் பதிவேடுகள் சிங்களத்தில் பேணப்படலாம். ஆனால் அங்கு வாழும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர். அந்தப் பதிலைத் தட்டச்சிட வேண்டிய கணினியில் தமிழ் இல்லையென்றால், உரித்து அரசியலமைப்பின் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

தமிழறிந்த அலுவலரே இல்லாதவிடத்து விசைப்பலகை இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆளணிப் பற்றாக்குறையை ஒரு நிரல் தீர்க்காது. ஆனால் ஆளை நியமிக்க நிதி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். விசைப்பலகையைச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தையே செலவிடாத ஓர் அலுவலகம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஆளுக்காக எவ்வளவு தூரம் வாதாடும்? தொடக்கத்தில் இயங்கும் நிரல்கள் கூடினால் கணினி மந்தமாகும் என்ற வாதமும் உண்டு. மற்ற நிரல்களைக் குறித்து அது உண்மை. இயங்குதளத்தோடே வரும் ஒரு விசைப்பலகையின் சுமையோ உணரவே முடியாதது.

செய்ய வேண்டியது மிகச் சிறிது. விண்டோஸின் மொழி அமைப்புகளில் நிருவாகம் என்றொரு பகுதி உண்டு. அங்கே, தற்போதைய பயனரின் அமைப்புகளை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர் கணக்குகளுக்கும் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. நிருவாகி இரண்டு பெட்டிகளில் சரி அடையாளம் இட்டால், அதற்குப் பின் அந்தக் கணினியில் உருவாகும் ஒவ்வொரு கணக்கிலும் தமிழ் காத்திருக்கும். ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்குத் தனித்தனியே ஒருமுறை செய்தால் போதும். மாவட்டச் செயலகங்களும் பிரதேச செயலகங்களும், புதிய கணினிகளைப் பொறுப்பேற்கும்போது சரிபார்க்கும் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். புதிய சட்டம் வேண்டாம், சுற்றறிக்கைச் சண்டையும் வேண்டாம்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை கடையிலோ அலுவலகத்திலோ கடிதம் எழுத நேர்ந்தால், தமிழில் தட்டச்சிடும்படி கேளுங்கள். இல்லை என்றால், எப்படிச் சேர்ப்பது என்று காட்டிக் கொடுங்கள். கேட்பார் இல்லாத இடத்தில் எந்த மொழியும் தானாகத் தொடங்குவதில்லை.