தொட்டிக்குள் நெரியும் உயிர்கள்

மீனுக்கு வலிக்காது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது கத்துவதில்லை; கண்ணீர் விடுவதில்லை; நாம் அதனோடு முகம் பார்த்துப் பழகுவதுமில்லை. ஆகவே கோழிக்கூண்டின் நெரிசலைக் கண்டு முகம் சுளிப்பவரும், தார்ப்பாய்த் தொட்டியில் மீன்கள் ஒன்றையொன்று உரசிக் கிடக்கக் கண்டால் "நல்ல விளைச்சல்" என்று பாராட்டிவிட்டுப் போகிறார். அப்பாராட்டை நாம் ஏற்பதற்கில்லை.

2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரௌட் மீனின் தலையில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டறிந்தனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரையைத் தொடாமல் நெடுநேரம் ஒதுங்கின. உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. இதை ஏற்காத அறிஞர் இன்றும் உண்டு. ஆயினும் ஐயத்தின் பயன் யாருக்குச் செல்ல வேண்டும்? துன்புறுத்துபவருக்கா, துன்புறுவதற்கா?

நெரிசல் மீனை வருத்தும் விதத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், அதே அளவு காற்றில் இருப்பதோ 250 மில்லிகிராமுக்கும் மேல். இந்தச் சிறு கையிருப்பைத்தான் தொட்டியின் மீன்கள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவை செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா நீரில் மிகுந்துவிட்டால், உடலுக்குள் இருப்பது வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்குகிறது. செவுள் புண்பட்டு மூச்சு மேலும் திணறுகிறது. உரசலிலும் கடியிலும் துடுப்புகள் தேய்ந்து கிழிகின்றன. ஓயாத அழுத்தத்தால் நோயை எதிர்க்கும் வலிமை குன்றுகிறது. பிறகு நோய், அதன் பின்னே மருந்து.

"பயோபிளாக் முறையில் நுண்ணுயிரிகளே கழிவை உண்டுவிடுமே" என்பர். உண்மைதான். ஆனால் அந்நுண்ணுயிரிகளும் மூச்சு விடுபவையே! மின்சாரம் நின்று காற்றூட்டி ஓய்ந்தால், அவை மீனோடு போட்டியிட்டு எஞ்சிய ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். நெரிசல் மிகமிக, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் சுருங்குகிறது.

"மீன் வாடினால் வளர்ப்பவருக்குத்தானே நட்டம், அவரே பார்த்துக்கொள்ளமாட்டாரா?" என்பது அடுத்த வாதம். இலாபம் கணக்கிடப்படுவது தொட்டியின் மொத்த எடையில். ஒவ்வொரு மீனின் நலத்தில் அன்று. ஆயிரத்தில் நூறு செத்து மிதந்தாலும், எஞ்சியவை எடை போட்டால் கணக்கு நேராகிவிடும். நம் நாட்டில் தடை செய்யப்பட்டும் மறைவில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பாருங்கள். மேலெழுந்து காற்றைச் சுவாசிக்கும் திறன் அதற்கு உண்டு என்பதற்காகவே அதைச் சேற்றுக் குழியில் திணிக்கிறார்கள். எதையும் தாங்கும் என்பதே அதற்குச் சாபமாயிற்று.

எண்ணிக்கை ஒன்றே குற்றம் என்று நாம் வாதிடவில்லை. திலேப்பியா போன்றவை இடம் மிகுந்தால் எல்லை பிரித்துக்கொண்டு சண்டையிடும். இனத்துக்கு இனம் அளவு வேறு. நீரின் தரமும் எண்ணிக்கையளவு முக்கியம். அளவு வேறுபடும் என்பதனால் அளவே வேண்டாம் என்றாகுமா? நார்வே நாடு கடற்கூண்டு சால்மனுக்குக் கன மீட்டருக்கு 25 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதனல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. அசைய இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பதைக் குற்றம் என்கிறது. மீனுக்கு அதில் விலக்கு இல்லை.

வெள்ளிக்கிழமையில் இறைச்சியை ஒறுத்து, மீனைத் தட்டில் வைத்துக்கொள்ளும் நமக்கு இதில் தனிக் கடமையுண்டு. (வஞ்சிர மீன் வறுவல் எவ்வகையில் ஒறுத்தலாகும் என்பதை வேறொரு நாள் பேசுவோம்.) தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் கூறுகிறது. படைப்பின் ஐந்தாம் நாளில், மனிதன் தோன்றும் முன்னரே, ஆசி பெற்ற உயிர்கள் இவை. நீரை நிரப்பும்படி பெற்ற அந்த ஆசி கடலைப் பற்றியது. தார்ப்பாய்த் தொட்டியைப் பற்றியதன்று.

2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பயோபிளாக் தொட்டிகளுக்கு மானியம் உண்டு. ஏழை உழவருக்கு அது கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. மானியம் பெறும் ஒவ்வொரு தொட்டியிலும் இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்ற வரம்பும், நாள்தோறும் ஆக்ஸிஜனையும் அம்மோனியாவையும் அளந்து எழுதும் ஏடும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். தொட்டி மீன் வாங்கும் நம் இல்லத்தார் விலை கேட்கும்போதே, "கரண்ட் போனால் இதற்கு என்ன வழி?" என்றும் கேட்கலாமே.