திரும்ப வாசிக்க முடியாத தோடி

கீர்த்தனை என்றால் பாட்டியிடம் கற்றுக்கொண்டு பேத்தி பாடலாம். ராக ஆலாபனை அப்படியல்ல. அந்த நிமிஷத்தில் பிறக்கிறது. அந்த நிமிஷத்தோடு போய்விடுகிறது. வாசித்த வித்வானையே, "நேற்று வாசித்ததை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்று கேட்டால் விழிப்பார். அப்படிப் போய்விட வேண்டிய ஒன்றை இசைத்தட்டில் பிடித்து வைத்துவிட்டால்?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத்தான் சொல்கிறேன். 1898-ல் பிறந்து 1956 டிசம்பரில் மறைந்த மேதை. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடியவர். 78 சுற்றுத் தட்டிலோ, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். முள் விளிம்பிலிருந்து நடுவுக்கு வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். சமுத்திரத்தைச் செம்பில் அடைத்த மாதிரி! ஆனால் அந்தச் செம்புத் தண்ணீர்தான் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

அதிலும் பெண்களுக்கு. எங்கள் மேலூர்ப் பக்கத்தில், சுவாமி புறப்பாட்டின்போது ஆண்கள் நாகஸ்வரத்தின் பின்னாலேயே நடந்து விடிய விடியக் கேட்பார்கள். நம் பாட்டிமாருக்கு? சுவாமி வாசலில் நிற்கும் நேரம்தான் கச்சேரி. தேங்காய் உடைத்து, தீபாராதனை ஆனதும் ராகம் தெருமுனை திரும்பிவிடும். மீதியைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். அடுப்பில் பால் பொங்காமல் இருந்தால்! கிராமபோனும் ரேடியோவும் வந்த பிறகுதான் அடுப்பங்கரைக்கும் முழு ராகம் கிடைத்தது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். கணவர் காலமான பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் சங்கீதமே ஒலிக்கவில்லை. வருஷத் திதி முடிந்த மறுநாள் அவர் வைத்த முதல் தட்டு இந்தத் தோடி. "பாட்டுன்னா அதில் யாரோ யாருக்கோ எழுதின வார்த்தை இருக்கும். இதில் வார்த்தையே இல்லை. அதனால் என்னால் கேட்க முடிஞ்சுது" என்று என் தாயாரிடம் சொன்னார். சங்கீத விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

கடல் கடந்தாலும் இதே கதைதான். 1975 ஜனவரி 24-ந் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பெரா அரங்கில், கீத் ஜாரெட் என்ற அமெரிக்கர் தனியாகப் பியானோ வாசித்தார். கச்சேரியை ஏற்பாடு செய்தவள் வேரா பிராண்டெஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண்! மேடைக்கு வந்து சேர்ந்ததோ அவர் கேட்ட பியானோ அல்ல; சுருதி கலைந்த ஒரு சின்னப் பியானோ. மேல் ஸ்தாயி கீச்சிட்டது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை. போதாததற்கு அவருக்கு முதுகு வலி. வாசிக்க மாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள் அந்தப் பெண். இரவு பதினொன்றரை மணிக்குமேல் உட்கார்ந்தார். கையில் எழுதிய ஸ்வரம் ஒன்றுமில்லை. பழுதான இடங்களைத் தவிர்த்து நடுக்கட்டைகளிலேயே சுற்றிச் சுற்றி வந்து, இடது கையால் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப உருட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். குறை உள்ள வாத்தியந்தான் அந்த வாசிப்புக்கு அந்த உருவத்தைக் கொடுத்தது. அந்தப் பதிவு 30 லட்சத்துக்குமேல் விற்றது.

அதை ஸ்வரப்படுத்தி அச்சிட வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். வெகுகாலம் அவர் இசையவில்லை. 1991-ல் ஒரு வழியாகப் புத்தகம் வந்தபோதும், பதிவைக் கேட்டுத்தான் கடைசித் தீர்மானம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 2018-ல் இரண்டு முறை பக்கவாதம் தாக்கி அவருடைய இடது கை விழுந்துவிட்டது. அன்றிரவு நடையை உருட்டிய அதே கை. இனி அவருக்கும் அந்த இரவு நம்மைப்போலப் பதிவில்தான்.

தோடிக்கு வருகிறேன். இப்போது கைபேசியில் கேட்கிறபோது இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். ராகம் தடையில்லாமல் போகிறது. அந்த அம்மாளின் மகளுக்கு எழுபது தாண்டிவிட்டது. முதல் பக்கம் முடிகிற இடம் வந்ததும், தட்டைத் திருப்ப அவருடைய கை தானாக எழுந்துவிடுகிறது.