தீபாவளி இனாம்: எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது?

தீபாவளிச் சரக்குக் கொள்முதலுக்கு நாம் காட்டும் அக்கறையில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடைச் சிப்பந்திகளுக்குக் கொடுக்கும் இனாமில் காட்டுவதில்லை. கடைசி நேரத்தில் ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு சட்டைத் துணி. அதுவும் இல்லையென்றால் கம்பெனிக்காரர் ஸ்கீமில் தந்துவிட்டுப் போன டிபன் கேரியர். கம்பெனிப் பெயர் பொறித்த அந்தச் சாமான் எப்படி வந்தது என்பது, அதை வண்டியிலிருந்து இறக்கி வைத்த பையனுக்குத் தெரியாதா?

போனஸ் வேறு, இனாம் வேறு. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், தகுதியுள்ள தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. நான்கைந்து பேர் வேலை செய்யும் நம் கடைகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் ஒப்புக்கொண்ட பணத்தைக் குறைத்துவிட்டு வேட்டியைக் காட்டினால் அதற்கு இனாம் என்று பெயரல்ல. (உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுத்ததையும் இனாம் கணக்கில் சொல்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டப்படியே நம் கடமை.)

சட்டைத் துணி கொடுப்பதானால் இருபது நாள் முன்னதாகக் கொடுங்கள், தையல் கூலியோடு. தையல்காரர் ஆர்டர் வாங்குவதை நிறுத்திய பிறகு கொடுக்கும் துணி பெட்டியில்தான் கிடக்கும். பெண்களுக்கு நாமே ஒரே நிறத்தில் சேலை எடுப்பதைவிட, பணத்தைக் கையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

என் அபிப்பிராயத்தில் மளிகைக் கடைக்காரருக்குப் பொருத்தமான இனாம் மளிகைதான். இதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் உளுந்தும் கடலை மாவும் நிறுத்துக் கொடுத்த சிப்பந்தி, பண்டிகைக்கு முந்தைய நாள் நடு இரவில் வீடு போகிறான். அங்கே உளுந்து ஊறப்போடவில்லை. விடியலில் தலைக்கு வைக்க நல்லெண்ணெய் வாங்கவில்லை. சம்பளமும் போனஸும் கைக்கு வந்ததே அன்று இரவுதான். இதே பொட்டலம் நான்கு நாள் முன்னால் அவன் வீடு சேர்ந்திருந்தால் அவன் மனைவி முறுக்கு சுட்டிருப்பாள்.

எனவே ஒரு தொகையைச் சொல்லி, சீட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். விற்காமல் தங்கிய பருப்பையும், தேதி முடியப்போகும் பிஸ்கட்டையும் அதில் நுழைக்க வேண்டாம். பழைய சிப்பந்திக்குத் தொகை கூடுதலாக இருக்கட்டும். சரக்கின் தரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். முஸ்லிம், கிறிஸ்தவச் சிப்பந்தி இருந்தால் அவருக்கு எந்தப் பண்டிகைக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். மூட்டை இறக்கும் தொழிலாளி நம் சம்பளப் பதிவேட்டில் இல்லை. பொட்டலம் எண்ணும்போது அவரையும் சேர்த்து எண்ணுங்கள்.