பேய்க்கதையைப் பழிப்பவர்களுக்கு

பேய்க்கதை எழுதுவது நம் இழப்புகளைக் கொச்சைப்படுத்துவதாம். லண்டன் இலக்கியக் கூட்டங்களில் இன்னமும் இப்படிச் சொல்கிறார்கள். கையில் யதார்த்தவாதம் என்ற அதே பழைய தடி.

இதே லண்டனின் வாப்பிங்கில் பிறந்தவர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ். 1902இல் வெளிவந்த அவரது 'குரங்கின் பாதம்' கதையில் தகப்பன் 200 பவுண் வரம் கேட்கிறான். மகன் யந்திரத்தில் அகப்பட்டுச் சாகிறான். கம்பனி, பொறுப்பேற்க மறுத்துக்கொண்டே, சரியாக 200 பவுணை நீட்டுகிறது. தாய்க்குக் காசு வேண்டாம், மகன் வேண்டும். இரவில் கதவு தட்டப்படுகிறது. எட்டாத தாழ்ப்பாளைத் திறக்க அவள் கதிரையை இழுக்கிறாள். வந்திருப்பது என்ன கோலத்திலோ என்று நடுங்கிய தகப்பன் கடைசி வரத்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான்.

இது நமக்குத் தெரியாத வீடா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் குந்தினார்கள். 2022 மார்ச்சில் இலங்கை அமைச்சரவை காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்றது. காசை மறுத்து, பிள்ளை எங்கே என்றார்கள். எரிக்க உடலில்லை, திவசத்துக்குத் திதியில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதவைப் பார்க்கும் அந்தத் தாயை உங்கள் யதார்த்தவாதம் எப்படி எழுதும்?

வெள்ளைச் சேலையும் மல்லிகை வாசமுமாக வரும் குப்பைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 'காஞ்சனை' எழுதிய புதுமைப்பித்தனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். 2022இல் இதே நகரில் ஷெஹான் கருணாதிலகவுக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது, 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் செத்தவனின் ஆவி அலையும் அந்த நாவலுக்குக் கைதட்டினீர்கள். தமிழில் ஒரு பிள்ளை அப்படித் திரும்பி வந்தால் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்?