தள்ளி வந்த மாதவிலக்கா, கருவுற்றபின் வரும் இரத்தமா?

கிளென்ஃபீல்டில் நம் பெண்கள் நாலு பேர் கூடினால், பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போனதும் மெல்ல எழும் கேள்வி இது. பத்து நாள் தள்ளிப் போய், பிறகு கொஞ்சமாக இரத்தம் படுகிறது. தாமதமாக வந்த மாதவிலக்கா, கரு தங்கியிருக்கிறதா? ஊரில் என்றால் அம்மாவைக் கேட்கலாம். இங்கே காலை எட்டு மணிக்கு அம்மா அங்கே நடுநிசித் தூக்கத்தில் இருப்பார்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பு என்றால் கரு, சிவப்பு என்றால் மாதவிலக்கு என்று நம்மிடையே ஒரு கணக்கு உலவுகிறது. மாதவிலக்கின் முதல் நாளும் கடைசி நாளும் பழுப்பாக இருப்பது சகஜம். கர்ப்பத்தில் வரும் இரத்தம் நல்ல சிவப்பாகவும் இருக்கும். கரு கர்ப்பப்பையில் பதியும்போது சிலருக்குத் துளித்துளியாகக் கசிந்து ஓரிரு நாளில் நின்றுவிடும். அதுவும் மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டியே வந்து தொலைக்கிறது!

21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானதுதான். நாடு மாறி வந்தவர்கள், இரவு வேலை பார்ப்பவர்கள், எடை ஏறி இறங்கியவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் நாள் முன்பின்னாகலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் "நிற்கிற காலம்" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களும் கருவுறலாம். ஆகவே சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனையைக் காலையில் செய்து பாருங்கள். இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

கரு உறுதியான பிறகு இரத்தம் கண்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இப்படிப் படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் அன்றே டாக்டருக்கோ மிட்வைஃபுக்கோ சொல்லுங்கள். உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைச்சுற்றல், மயக்கம் இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். நூறில் ஒன்றிரண்டு கர்ப்பம் அப்படி ஆகிறது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. காத்திருக்காமல் 111ஐ அழையுங்கள். மணிக்கு ஒரு பேட் நனையும் அளவுக்குப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நமக்கு டகபுனாவில் நார்த் ஷோர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணேறு படும் என்ற பயம் எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஊரில் வெளியே சொல்லாவிட்டாலும் வீட்டுக்குள் மாமியார், நாத்தனார் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். இங்கே கணவருக்கு மட்டும் தெரியும். அவரும் காலையில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்விடுவார். இரத்தம் கண்ட பெண் யாரைக் கூப்பிடுவாள்? பக்கத்தில் இருக்கும் ஒரு அக்காவிடமாவது முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கரு கலைந்துவிட்டாலும் நம்மவர்கள் அலுவலகத்தில் "காய்ச்சல்" என்று சொல்லி சிக் லீவ் எடுக்கிறார்கள். 2021இல் இந்நாட்டு நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டப்படி, தகுதியுள்ள தாய்க்கும் அவர் துணைவருக்கும் மூன்று நாள் சம்பளத்துடன் துக்க விடுப்பு உண்டு. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே தாய்க்கு ஆறு வாரம் கொடுத்திருக்கிறது. கணவன்மாரே, அந்த மூன்று நாள் உங்களுக்கும்தான், கேட்டு வாங்குங்கள்.

இரவில் சந்தேகம் வந்தால் ஹெல்த்லைன் 0800 611 116. எந்நேரமும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.