முள்ளை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்!

குக்கரில் பருப்பு பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துபோகாத வீடு உண்டா? ஐந்து நிமிடம் முன்புவரை அடுப்பு வழக்கம்போலத்தான் எரிந்திருக்கும். "நேத்துகூட நல்லாத்தானே எரிஞ்சுது!" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வார்கள். அதே அம்மாக்கள் புது சிலிண்டர் வந்ததும் என்ன செய்கிறார்கள்? கொண்டுவந்தவரை நிறுத்தி எடை போடச் சொல்கிறார்கள். சிலிண்டரின் மேல் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டிச் சரிபார்க்கிறார்கள். "இதுல பிரஷர் எவ்வளவுப்பா?" என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கத் தேவையில்லை என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் சென்ட், கொசு மருந்து, பெயின்ட் என்று ஸ்ப்ரே டப்பாக்களில் கேஸ் நிரப்பும் இடங்களில், "கேஜ் வச்சுப் பாத்தாச்சு, முள் சரியா நிக்குது, பெட்டியில போடு" என்று முடிவுகட்டுகிற பழக்கம் மட்டும் சாகவே மாட்டேன் என்கிறது. இது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட!

முதலில், பிரஷர் ஃபில்லிங் என்றால் என்ன?

டப்பாவுக்குள் முதலில் சரக்கு போகும். பிறகு வால்வை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வால்வின் கிண்ணத்தை டப்பாவின் வாயோடு இறுக்கிக் கவ்வ வைப்பார்கள். இதற்குப் பெயர் கிரிம்ப். கடைசியாக, சரக்கை வெளியே தள்ளப்போகும் உந்துவாயுவை அழுத்தத்தோடு வால்வு வழியாகவே உள்ளே செலுத்துவார்கள். பெரும்பாலும் இது புரொப்பேனும் பியூட்டேன் வகைகளும்தான். அதாவது சமையல் கேஸின் சொந்தக்காரர்கள்! உள்ளே அது திரவமாக இருக்கும், அதன் மேல் கொஞ்சம் ஆவி இருக்கும்.

சூட்சுமம் இங்கேதான். உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சமிருந்தாலும் சரி, அரை டப்பா இருந்தாலும் சரி, ஆவியின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது எந்த வாயு, எவ்வளவு வெப்பம் என்ற இரண்டும்தான். ஐசோபியூட்டேன் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 31 பிஎஸ்ஐ காட்டும். வணிகத்தில் அதற்கு ஏ-31 என்று பெயர் வந்ததே அதனால்தான். சாதாரண பியூட்டேன் ஏ-17, அதுவும் அப்படியே. அளவு இதில் எங்கே வருகிறது? வரவே இல்லை!

அதே ஐசோபியூட்டேனை 35 டிகிரி வெயிலில் அளந்தால் முள் 50-ஐத் தாண்டும். காலையில் 'குறைவு' என்று ஒதுக்கிய டப்பா, மத்தியானம் 'சரி' ஆகிவிடும். டப்பாவில் ஒன்றும் மாறவில்லை, சூரியன்தான் மேலே ஏறியிருக்கிறது :-)

முள் பொய்யும் சொல்லும்

ஒரு சின்னக் கணக்கு. 300 மி.லி. டப்பா. உந்துவாயுவோடு கலக்காத சரக்கு 90 மி.லி., ஐசோபியூட்டேன் 90 மி.லி. காற்றை முழுதாக உறிஞ்சி ஒழுங்காக நிரப்பினால் 21 டிகிரியில் முள் 31-இல் நிற்கும்.

இப்போது இன்னொரு டப்பா. காற்றை உறிஞ்சும் பம்பு வேலை செய்யவில்லை. கேஸும் பாதிதான் போயிருக்கிறது, 45 மி.லி. ஆரம்பத்தில் 210 மி.லி. இடத்தில் இருந்த காற்று இப்போது 165 மி.லி.க்குள் நசுங்கிக் கிடக்கிறது. அதன் அழுத்தம் கிட்டத்தட்ட 19 பிஎஸ்ஐ. அதை 31-உடன் கூட்டினால் 50!

பாதி கேஸ் உள்ள டப்பா 50 காட்டுகிறது, முழு கேஸ் உள்ள டப்பா 31 காட்டுகிறது. முள்ளை மட்டும் நம்புகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஆனால் தராசில் வைத்தால் முதலாவதில் சுமார் 50 கிராம் கேஸ், இரண்டாவதில் 25 கிராம். ஏமாற்ற வழியே இல்லை.

(ஸ்பிரிட் மாதிரி உந்துவாயுவோடு கலந்துவிடும் சரக்கு என்றால் கேஸ் குறையும்போது அழுத்தமும் ஓரளவு இறங்கும். அப்போதும் எடை காட்டுகிற தெளிவு முள்ளுக்கு வராது.)

"ஸ்ப்ரே பண்ணிப் பாத்தோமே, நல்லாத்தானே வருது?"

வரும். நேற்றுவரை அடுப்பு எரிந்தது போலவே வரும்! கேஸ் குறைவாக நிரப்பிய டப்பா முதல் நாள் பிரமாதமாகப் பீச்சும். கடைசியில்தான் சாயம் வெளுக்கும். கேஸ் தீர்ந்து, காசு கொடுத்து வாங்கிய சரக்கு உள்ளேயே தங்கிவிடும். வாங்கியவர் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவார்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. அதுவும் இரண்டு தடவை, கேஸ் நிரப்புவதற்கு முன்னும் பின்னும். மொத்த எடையை மட்டும் பார்த்தால் சரக்கு குறைந்து கேஸ் கூடியது தெரியாமல் போகும். குறைபாட்டின் போக்கும் ஒரு துப்பு. எல்லா டப்பாவிலும் ஒரே அளவு குறைந்தால், இயந்திரத்தில் அளவு தப்பாக வைக்கப்பட்டிருக்கலாம். தாறுமாறாகக் குறைந்தால், அதிலும் வெயில் ஏறிய பிறகு குறைந்தால், கேஸ் வருகிற குழாயிலோ அளவு உருளையிலோ திரவம் கொதித்துக் குமிழி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி இடத்தை அடைத்துக்கொண்டால் திரவம் எப்படி முழுதாகப் போகும்?

அடுத்து சுடுதண்ணீர்த் தொட்டி. உள்ளே இருப்பது 55 டிகிரியில் எட்டக்கூடிய அழுத்தத்தை எட்டும்வரை (டப்பா ரொம்ப நிறையாமல் இருந்தால் 50 டிகிரி) நிரப்பிய ஒவ்வொரு டப்பாவையும் வெந்நீரில் முக்கிப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கு இணையான அங்கீகரிக்கப்பட்ட சோதனை வேண்டும் என்பது அபாயகரமான சரக்குகளுக்கான ஐ.நா. மாதிரி விதிகளில் இருக்கிறது. குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். வால்வின் தண்டிலிருந்து வந்தால், நிரப்பும் தலை கோணலாக இறங்கி உள் வாஷரைக் காயப்படுத்தியிருக்கலாம். கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வந்தால் கிரிம்ப் கோளாறு. டப்பாவின் உடல் மூட்டிலிருந்து வந்தால் டப்பாவே கோளாறு. நாலு குமிழி வந்து நின்றுவிட்டால் இடுக்கில் இருந்த காற்று. நிற்காமல் வந்தால் கசிவு. அடிப்பக்கக் குழிவு வெளியே பிதுங்கினால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கலாம், உடனே விலக்கி வைக்க வேண்டிய டப்பா அது. திரவம் சூட்டில் விரியும், விரிய இடம் வேண்டாமா?

மூன்றாவது, கிரிம்ப் அளவு. ஒரு அங்குல வாய் உள்ள டப்பாவில் கவ்வலின் விட்டம் வழக்கமாக 27.2 மி.மீ., ஆழம் சுமார் 4.7 மி.மீ. வாஷருக்கும் டப்பாவுக்கும் தகுந்தபடி இது கொஞ்சம் மாறும். இதை அளக்கத் தனிக் கருவிகளே இருக்கின்றன. கண்ணால் பார்த்து "டைட்டா இருக்கு" என்பது அளவு ஆகாது.

முள்ளுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. நைட்ரஜன் மாதிரி உள்ளே திரவமாகாத வாயுவை அடைத்தால் அழுத்தம்தான் அளவு. வாயுவின் எடை சில கிராம்தான் என்பதால் அங்கே முள் தராசை ஜெயிக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கும் முள் வேண்டும், ஆனால் அது சரக்கில் கரையக்கூடியது. நிரப்பிய உடனே பார்த்தால் அதிகமாகக் காட்டும், குலுக்கிக் கரைந்த பிறகு இறங்கும். திரவ வாயுவிலும் காற்று மாட்டியிருக்கிறதா, கலவை மாறிவிட்டதா என்று பிடிக்க முள் உதவும், வெப்பநிலையைச் சரியாக வைத்து அளந்தால். சண்டை முள்ளோடு அல்ல. அதனிடம் போய் 'எவ்வளவு நிரம்பியிருக்கிறது' என்று கேட்பவரோடுதான்!

இவ்வளவு கோபம் எதற்கு?

ஒரு காலத்தில் இந்த டப்பாக்களில் பெரும்பாலும் சிஎஃப்சி இருந்தது. கசிந்தால் நஷ்டம், ஆனால் தீப்பிடிக்காது. அது ஓசோனைத் தின்னும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள். அமெரிக்கா 1978-இல் பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் அதைத் தடை செய்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த இடத்துக்கு வந்தது எரியும் வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். காற்றில் 2 சதவீதம்கூட வேண்டாம், ஒரு சுவிட்சின் பொறி போதும். கசியும் டப்பாவைத் தொழிற்சாலையிலேயே பிடிக்காவிட்டால், அது கிடங்குக்குப் போகும், லாரிக்குப் போகும், பூஜை விளக்கு எரிகிற வீட்டு அலமாரிக்கும் போகும். அதற்கெல்லாம் முன்னால், நிரப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் காலடியில் படரும்.

"ஒவ்வொண்ணையும் எடை போட்டா நேரம் ஆகுமே" என்பார்கள். ஓடுகிற பெல்ட்டிலேயே எடை பார்த்து, குறைந்ததைத் தள்ளிவிடுகிற இயந்திரங்கள் எப்போதோ வந்துவிட்டன. ஆஸ்துமாக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் இன்ஹேலரும் வால்வு வழியாக அழுத்தத்தில் நிரப்பப்படுவதுதான். அங்கே டப்பாக்களை ஒவ்வொன்றாக எடை போடுகிறார்கள், கசிவைப் பிடிக்கச் சில நாள் வைத்திருந்து மறுபடியும் போடுகிறார்கள். மூச்சுத் திணறும்போது டப்பா காலியாக இருக்கக்கூடாது என்பதால். அங்கே முடிகிறது என்றால் சென்ட் டப்பாவுக்கு ஏன் முடியாது?

முடியாது என்பதல்ல, வேண்டாம் என்பதுதான் விஷயம். தராசு வைத்தால் குறை தெரியும், தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். முள் அந்தத் தொந்தரவைத் தராது. யாரையும் சங்கடப்படுத்தாமல் அழகாக ஒரே இடத்தில் நிற்கும்.

வாசலில் சிலிண்டரை நிறுத்தி வைத்து "எடை போடுங்க, அப்புறம் காசு தரேன்" என்று சொல்கிற அம்மாவை அப்படி ஏமாற்ற முடியுமா? ஃபில்லிங் லைனுக்கு அவரைத்தான் சூப்பர்வைசராகப் போட வேண்டும்!